அந்தோனியாருக்குள் ஒளித்த மண்

என் மகனின் குழி மண்ணை அந்தோனியார் சுரூபத்துக்குள் ஒளித்து வைத்து, கப்பலில் இத்தாலிக்கு அனுப்பப் பார்த்தேன். அது பிடிபட்டது. அதோடு என் மகளின் வாழ்க்கையும் போயிருக்கும். ஊரில் இதைப் பற்றிப் பல கதை போனது எனக்குத் தெரியும். ஐஸ் போதைப்பொருள் கடத்தினான் என்றும் சொன்னார்கள். யார் சொன்னது என்றும் தெரியும், அது இப்போது வேண்டாம். நடந்ததை நானே எழுதி, திருவிழா மலரில் போடச் சொல்லி ஃபாதருக்கு அனுப்புகிறேன். அந்தோனியார் எனக்குச் செய்ததை மறைத்தால் அதுவும் ஒரு பொய்தான். நான் சொன்ன பொய்கள் போதும்.

மாம்புரியில் போட் வைத்துத் தொழில் செய்தவன் நான். பத்து வருடத்துக்கு முன்பு என் மனைவி ரெஜினா, வயதான ஓர் அம்மாவைப் பராமரிக்கிற வேலைக்கு இத்தாலி போனாள். அப்போது மகள் ஷாமினிக்கு எட்டு வயது, மகன் ரொஷானுக்கு ஐந்து. அங்கே அவளுக்கு விசா சரியாகவில்லை. நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தள்ளிக்கொண்டே போனது.

ரொஷானுக்குப் பத்து வயது நடக்கும்போது டெங்கு வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டான். தாயால் வர முடியவில்லை. அடக்கத்தின்போது சேமக்காலையில் என் தங்கை ஜெசிந்தா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெஜினா அங்கே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழிக்குள் மண் போடுகிற நேரம் சிக்னல் இல்லாமல் படம் அப்படியே நின்றுவிட்டது. பெட்டியை இறக்கினதைப் பார்த்தவள், மூடினதைப் பார்க்கவில்லை. அதை அவள் பிறகு எத்தனை தரம் சொல்லியிருப்பாள் என்று எனக்கே கணக்கில்லை.

ஐந்து நாளும் நான் அந்தோனியாரைத்தான் கெஞ்சினேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவருடைய சுரூபத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். "என்ட முகத்தைப் பாக்காத" என்று சொன்னேன். நான்கு வருடம் அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஷாமினி ஒவ்வொரு சனிக்கிழமையும் தூசு துடைப்பாள். துடைத்துவிட்டு, எனக்குப் பயந்து, மறுபடி முதுகு தெரியத்தான் வைப்பாள். நான் பூசைக்குப் போவதையும் விட்டுவிட்டேன். உங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான்.

போன வருடம் ரெஜினாவுக்கு விசா சரியாகி, எங்கள் இரண்டு பேருக்கும் குடும்ப விசா கிடைத்தது. ஷாமினிக்குப் பதினேழு முடிந்து சில மாதம். விசாவில் ஒரு கடைசித் தேதி இருந்தது. அதற்குள் போய்ச் சேராவிட்டால் முதலில் இருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் அவளுக்குப் பதினெட்டு ஆகிவிடும். பிறகு அவளைப் பிள்ளை என்று கணக்கெடுக்க மாட்டார்கள். நான் போகலாம், அவள் போக முடியாது.

ரெஜினா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தம்பிட குழியில ஒரு பிடி மண் எடுத்திட்டு வாங்க. வேற ஒண்டும் வேணாம்."

வேறு ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. நான் வீட்டையே மூட்டை கட்டினேன். அவள் சீதனமாகக் கொண்டு வந்த அலுமாரி, தையல் மெசின், நான்கு கதிரை, பித்தளைக் குடம், ரொஷானின் சைக்கிள், எல்லாவற்றையும் ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் அடித்தேன். கப்பலில் சாமான் அனுப்புகிற ஆள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். இதை அனுப்புகிற காசுக்கு அங்கே இரண்டு வீட்டுக்குத் தளபாடம் வாங்கலாம் என்றான். எனக்குக் கோபம் வந்தது. பெட்டிக்குக் காசு, லொறிக்குக் காசு, கப்பலுக்குக் காசு, ஒவ்வொரு பேப்பரையும் இத்தாலியனில் மொழிபெயர்க்கக் காசு, மருத்துவச் சோதனைக்குக் காசு. போட்டையும் என்ஜினையும் வலையையும் விற்றது இதற்குத்தான். இருபது வருடம் என்னைச் சோறு போட்டு வளர்த்த போட், ஒரு அலுமாரியைக் கப்பலேற்றப் போய்விட்டது.

மண்ணுக்கு வருகிறேன். மண், செடி, விதை ஒன்றும் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அதனால் பெட்டியில் அனுப்ப நினைத்தேன். குழியில் இருந்து இரண்டு பிடி எடுத்தேன். மனைவியின் கைக்குப் போகிற மண்ணில் எறும்போ வேரோ இருக்கக் கூடாது என்று கழுவி, வெயிலில் காய வைத்து, அரிதட்டில் அரித்தேன். நம் கடற்கரை மண் ஏற்கெனவே வெள்ளை. அரித்த பிறகு அரிசி மா மாதிரி ஆகிவிட்டது. கடலுக்குப் போகும்போது போனைத் தண்ணீர் படாமல் எப்படிச் சுற்றுவோம், அப்படியே பொலித்தீனில் போட்டுக் கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். எங்கள் கைக்குத் தெரிந்த சுற்று அது ஒன்றுதான். சுரூபத்தின் அடியில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே தள்ளி, சீமெந்து பூசி அடைத்தேன். ஒரு சுரூபத்தை எவன் உடைப்பான் என்று நினைத்தேன். நம் கரையில் யாரும் உடைக்க மாட்டார்கள்தான்.

கொழும்புத் துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் பெட்டியை இயந்திரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். போதைப்பொருள் கடத்தலுக்குப் பேர்போன நம் கற்பிட்டிப் பக்கத்துப் பெட்டி, சுரூபத்துக்குள் டேப் சுற்றிய பொட்டலம். வேறு என்ன நினைப்பார்கள்? என்னைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே சுத்தியலால் உடைத்தார்கள். முதல் அடியிலேயே தலை போனது. நான்கு வருடம் நான் முகம் பார்க்காமல் இருந்தவர் என் காலடியில் துண்டாகக் கிடந்தார். ஒருவர் தும்புத்தடியால் கூட்டி ஓரமாகத் தள்ளினார்.

வெள்ளை மா மாதிரி மண்ணைப் பார்த்ததும் இது என்ன என்று கேட்டார்கள். மண் என்று தெரிந்தால் தண்டம் போட்டு அதைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்தேன். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சிலாபத்தில் ஒரு கிழவரிடம் சுரூபத்தைத் திருத்தக் கொடுத்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றேன். அந்த மனிசன் முன்பொரு முறை எங்கள் சுரூபத்துக்கு வர்ணம் பூசினவர். ஒரு பாவமும் அறியாதவர். அவருடைய பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர்கள் பொட்டலத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று என்னுடையதோடு ஷாமினியின் கடவுச்சீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசா முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது. முடிவு வர ஒரு மாதமும் ஆகலாம் என்றார்கள். துறைமுகக் களஞ்சியத்தில் பெட்டிக்கு நாள் வாடகை ஏறத் தொடங்கியது. பயணம் என்று வீட்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டதால் நானும் ஷாமினியும் ஜெசிந்தா வீட்டில் பாயில் கிடந்தோம். தெருவில் போனால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஷாமினி ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. தாயுடன் போனில் கதைக்கிறதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பதினோராம் நாள் ஒரு செய்தி வந்தது. சிலாபத்துக் கிழவரை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போய், பின்னேரம் வரைக்கும் இருத்தி வைத்திருந்துவிட்டு விட்டார்களாம். அவருடைய மகள் ஜெசிந்தாவுக்குப் போன் எடுத்து அழுதாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருடைய நாள். நேரே சேமக்காலைக்குப் போய், உச்சி வெயிலில் ரொஷானின் குழிக்குப் பக்கத்தில் இருந்தேன். செபம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நான்கு வருடத்தில் பழக்கம் விட்டுப்போனது. கதைக்கிற மாதிரித்தான் கதைத்தேன். "அந்தோனியாரே, உன்னை முதுகு திருப்பி வைத்தேன். உன் வயிற்றுக்குள் களவு வைத்தேன். என்னால் உன் தலையும் போனது. உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனால் வேறு ஆளும் இல்லை. பெட்டி வேண்டாம். மண்ணும் வேண்டாம். என்னை மறியலில் பூட்டிப் போடு. இந்தப் பிள்ளையை மட்டும் தாயிடம் சேர்த்துவிடு." அவ்வளவுதான். பிறகு அழுதேன். மகன் செத்த அன்று நான் அழவில்லை. அன்றுதான் அழுதேன்.

வானத்தில் இருந்து குரல் ஒன்றும் வரவில்லை. ஒன்று மட்டும் நடந்தது. எழும்பி நடக்கும்போது, நாளைக்குப் போய் உண்மையைச் சொல்வது என்று மனதில் தீர்மானம் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே போகும்போது அது என்னிடம் இல்லை. அதை எனக்குள் வைத்தது நான் இல்லை என்று சத்தியமாகச் சொல்கிறேன்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் கொழும்பு போனேன். விசாரணைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்கள அம்மா. சிரிப்பே இல்லாத முகம். ரொஷானின் இறப்புச் சாட்சிப் பத்திரத்தையும், எங்கள் ஃபாதர் அடக்கப் பதிவில் இருந்து எழுதித் தந்த கடிதத்தையும் மேசையில் வைத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கிழவர் மேல் பழி போட்டதையும் சொன்னேன். அவர் இரண்டு பேப்பரையும் வாசித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மண்ணை ஏன் கழுவினீர்கள்?

தாய் கையில் வாங்குகிற மண், சுத்தமாக இருக்க வேண்டும் என்று கழுவினேன் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவும் தேவையில்லையே என்றார். என் முன்னாலேயே ஓர் இடத்துக்குப் போன் எடுத்து, பிள்ளையின் விசாத் தேதியைச் சொன்னார். எனக்கு ஒரு வாக்கும் தரவில்லை. போய் இருங்கள் என்றார்.

விசா முடிய நான்கு நாள் இருக்கும்போது முடிவு வந்தது. வெறும் கடல் மண், சிப்பித்தூள். கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தார்கள். பொய் சொன்னதற்கும் ஒளித்ததற்கும் தண்டம் போட்டார்கள். பெட்டியின் வாடகை பெட்டியின் விலையை விட ஏறிவிட்டதால், அதற்கு உரிமை கோர மாட்டேன் என்று கையெழுத்து வைத்தேன். எழுதுகிறவர் ஒவ்வொரு சாமானாக வாசித்தார். சைக்கிள் என்று வாசித்தபோது நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மண்ணை ஒரு கடித உறையில் போட்டு என் கையில் தந்தார். இது நாட்டைவிட்டுப் போகக் கூடாது, எடுத்த இடத்திலேயே போடுங்கள் என்றார். வரும் வழியில் சிலாபத்தில் இறங்கி, கிழவரின் காலில் விழுந்தேன். அவர் என்னைத் தூக்கி விடவில்லை. நானாகத்தான் எழும்பினேன். அது நியாயம்தான்.

போகிற நாள் காலையில் நானும் ஷாமினியும் சேமக்காலைக்குப் போனோம். பயண உடுப்போடு, சப்பாத்தோடு. முந்தின நாள் மழை பெய்து குழி ஈரமாக இருந்தது. உறையில் இருந்த மண்ணை ஷாமினிதான் கொட்டி, முழங்காலில் இருந்து கையால் தடவி விட்டாள். அங்கிருந்து நேரே வேனுக்கு வந்து ஏறினோம். ஆளுக்கு ஒரு சூட்கேஸ். வேறு ஒன்றும் இல்லை.

இத்தாலியில் ரெஜினா எங்களைக் கூப்பிட வந்திருந்தாள். நரைத்திருந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஷாமினி மரம் மாதிரி நின்றாள். பாவம், எட்டு வயதில் விட்ட தாய். பஸ்ஸில் வரும்போது ரெஜினா என்னிடம் மண்ணைக் கேட்டாள். இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெட்டி போனதற்கு நான் இவ்வளவு வருந்தவில்லை.

அவள் இருக்கிறது இரண்டு அறை வீடு. நான் பெட்டியில் கட்டிய அலுமாரி அந்த வாசலால் நுழைந்திருக்காது. வாசலில் ரெஜினா குனிந்து, சின்னப் பிள்ளைக்குக் கழற்றுகிற மாதிரி ஷாமினியின் சப்பாத்தைக் கழற்றினாள். ஈரத்தில் ஒட்டின மண் காய்ந்திருந்தது. தரையில் வெள்ளையாகக் கொட்டியது. ரெஜினா துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

"அம்மா, துடைக்காதீங்க," என்றாள் ஷாமினி. வந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் அம்மா அது. "அது தம்பிட மண். காலையில அங்க போய்த்தான் வந்த."

ரெஜினா தரையிலேயே இருந்துவிட்டாள். மற்றச் சப்பாத்தையும் மடியில் வைத்துத் தட்டினாள். ஒரு பிடி இல்லை, ஒரு தேக்கரண்டிகூட வராது. அதை உள்ளங்கையில் கூட்டி எடுத்து மூடிக்கொண்டு, மற்றக் கையால் ஷாமினியைப் பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரையும் கொண்டு வந்திட்டீங்க," என்றாள்.

நான் ஒரு பிள்ளையைத்தான் கேட்டேன். மண் வேண்டாம் என்று என் வாயாலேயே சொல்லியிருந்தேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று அவரை நாம் சொல்கிறோம். நான் வேண்டாம் என்று விட்டதையும் அவர் தேடித் தந்தார்.

இப்போது நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன். இருபது வருடம் போட் ஓட்டின கை. கஷ்டம்தான், பொய் சொல்லவில்லை. சில நாள் இங்கே கடல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். வீட்டில் அந்தோனியாரின் சின்னப் படம் ஒன்று வைத்திருக்கிறோம், அறையைப் பார்க்கத்தான் வைத்திருக்கிறோம். அதன் கீழே ஒரு மருந்துப் போத்தலில் அந்த மண் இருக்கிறது. வெளிநாடு போகப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது, கேட்டதை மட்டும் கொண்டு போங்கள், எதையும் ஒளிக்காதீர்கள். என்னைப் போல அவரோடு கோபித்துக்கொண்டு இருக்கிறவர்கள், கோபம் ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தக் கோபத்தோடேயே போய்க் கேளுங்கள். அவர் கேட்பார்.

கார்த்திகையில் இறந்தவர்களுக்காகச் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போது, ரொஷானின் குழிக்கு ஜெசிந்தா வருவாள். அவளோடு நீங்களும் ஒன்று கொளுத்துங்கள். தாய் போனில் பார்த்துக்கொண்டிருப்பாள். சிக்னல் கிடைக்கிற பக்கமாகக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லுங்கள்.