நீளம் பார்க்காத ஒரு வரி

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். பத்தேகால், பதினொன்று நாற்பது என்று நேரங்களை நீலப் பேனாவால் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "கேமரா ஆன். பொட்டி அவுட்" என்று போட்டிருந்தது. திண்டிவனத்தில் இன்டர்நெட் கேபிள் இழுத்துக்கொண்டிருந்த ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், புகாரென்று பார்க்கப் போன என்னிடம் அதை நீட்டினார்.

அந்தப் பொட்டி, விழுப்புரத்தில் எங்கள் கம்பெனி செய்யும் இன்டர்நெட் ரவுட்டர். அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில், வெளியிலிருந்து துண்டு துண்டாக வரும் தரவை, அதாவது பாக்கெட்டுகளை, வாங்கும் பகுதியை எழுதியவன் நான். பத்தாவதோடு படிப்பை விட்டவன். கடைகளில் கம்ப்யூட்டர் பழுது பார்த்து, தானே கற்றுக்கொண்டு அந்தக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தவன். சுற்றிலும் இன்ஜினியர்கள். ‘இவனை யார் சேர்த்தது’ என்று என்றைக்குக் கேட்பார்களோ என்ற பயம் சோறு தின்னும்போதும் இருந்தது. அண்ணனும் எட்டாவதோடு நின்றவர்தான். அது தெரிந்தும் என் படிப்பை அவரிடம் சொல்லவில்லை. அவர் ‘சார்’ என்று கூப்பிட்டது பிடித்திருந்தது.

"உள்ள என்னா ஓடுதுன்னு எனக்குத் தெரியாது சார். ஆனா அந்தக் கடைல கேமராவ போட்டா உங்க பொட்டி படுத்துக்குது. எங்க ஓனரு என் ஒயரிங்தான் சரியில்லன்னு திட்டிக்கினே இருக்காரு."

என் எதிரிலேயே கேமராவைப் போட்டார். பெட்டி படுத்தது. லேப்டாப்பில் பார்த்தேன். ஒவ்வொரு பாக்கெட்டும் தன் நீளத்தைத் தானே சொல்லிக்கொண்டு வரும். நான் அதை நம்பி, ஒதுக்கிய இடம் கொள்ளுமா என்று பார்க்காமல் நகலெடுத்திருந்தேன். மிஞ்சியது பக்கத்து நினைவகத்தை அழித்தது. கேமரா தெரியாமல் செய்ததை ஒரு விஷமி தெரிந்தே செய்தால், எங்கள் பெட்டி இருக்கும் எந்த இடத்திலும் உள்ளே நுழைந்துவிடலாம்.

"என்னா சார், ஒயரா, பொட்டியா?"

"பாத்துட்டு சொல்றேன்ணே."

மறுநாள் இரண்டே வரி சேர்த்தேன். நீளம் அதிகமென்றால் பாக்கெட்டைத் தூக்கி எறி, அவ்வளவுதான். மாற்றத்தோடு கம்பெனியில் பதியும் குறிப்பில் ‘பாதுகாப்புப் பிழை’ என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் எல்லாரும் படிப்பார்கள். ‘சிறு ஒழுங்குபடுத்தல்’ என்று எழுதி, திண்டிவனத்துப் பெட்டிக்கு மட்டும் சத்தமில்லாமல் ஏற்றினேன். அதே வாரம் அண்ணனின் கேபிள் ஓனர் வேறு ஆளை வைத்து ஒயரை மாற்றியிருந்தார். பெட்டி ஒழுங்காக ஓடியது. ஆகவே குற்றம் அண்ணனுடையது என்று முடிவாகி, அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

"பொட்டிலதான் கோளாறுன்னு எங்க ஓனராண்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார்" என்று போன் செய்தார். அப்போதும் ‘பாத்துட்டு சொல்றேன்’ என்றுதான் சொன்னேன். பிறகு அவர் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

மற்ற பெட்டிகளெல்லாம் பழைய வரியோடே ஓடுகின்றன என்ற நினைப்பு மூன்று வருஷம் என்னைத் தின்றது. போன வாரம் டீம் லீடர் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலாம். "இந்தத் திருத்தத்த எல்லாப் பெட்டிக்கும் இன்னைக்கே அனுப்பணும். குறிப்ப மாத்தி எழுதுங்க, கண்டுபிடிச்சவர் பேரும் போடணும். யாரு அவரு?" என்றார்.

என் போனில் ‘திண்டிவனம் கேபிள்’ என்றுதான் இருந்தது.

கூப்பிட்டேன். "இத்தினி நாளா பேரு தெரியாமயா சார் பேசிக்கினு இருந்தீங்க?" என்று சிரித்தார். சொன்னார், எழுதிக்கொண்டேன். மரக்காணம் பக்கம் பெயின்ட் வேலைக்குப் போகிறாராம்.

"உங்க ஓனர்கிட்ட இன்னைக்கே வந்து சொல்லிடறேன்ணே."

"அவரு கேபிள் தொழிலையே வித்துட்டு ஊரவுட்டே பூட்டாரு சார். இனிமே யாராண்ட சொல்லப் போறீங்க?"

நான்தான் போனை வைத்தேன்.