சுவரில் வளர்ந்த கோடு

கண்காட்சிக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "ஜாடி மேல இந்தக் கோடெல்லாம் எப்படிம்மா மனசுல தோணுது?" வைகை மணல், வெடித்துக் கிடக்கும் கண்மாய் என்று எதையாவது அளந்துவிடுவேன். உண்மை அதுவல்ல. மண் ஜாடி செய்து சுட்டு விற்கிற எனக்கு இரண்டு வருடமாகக் கோடு கொடுத்தது கே.கே. நகரில் எங்கள் வீட்டுச் சுவர்தான்.

மகளின் அறையில், ஜன்னல் மூலையில் மயிரிழையாகத் தொடங்கிய விரிசல் அது. கோடையில் விரியும், மழை பெய்தால் மெலியும். போகப் போகக் கிளை விட்டது. புதுக் கிளை தெரிந்தால் அன்றைய விரிசலை அப்படியே கீறி ஒரு புது ஜாடி செய்வேன். ஒவ்வொரு கோட்டுக்கும் செய்த முதல் ஜாடியை மட்டும் விற்க மனம் வராமல் கூடத்து அலமாரியில் அடுக்கினேன். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று வீட்டுக்காரர் வாயெடுத்தாலே எனக்குக் கோபம் வரும்.

"சுவரத் தொட்டீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

"அம்புட்டு ஆசைன்னா சுவரையே கட்டிக்க" என்று அவரும் விட்டுவிட்டார்.

போன மாசியில் தண்ணீர்த் தொட்டிக்காகக் கொல்லையில் குழி தோண்டினார்கள். கறுப்பாக, பிசுபிசுவென்று மண் வந்தது. கயிறாகத் திரித்து விரலில் சுற்றினேன். ஒரு கீறல்கூட விழவில்லை. இந்த மாதிரி மண்ணுக்காகச் சோழவந்தான் பக்கம் கண்மாய் கண்மாயாக அலைந்தவள் நான். தலைகால் புரியவில்லை. உடனே அந்த மண்ணைப் பலகையாகத் தட்டி மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன்.

மறுநாள் மதியம் போய்ப் பார்த்தால் பலகை சுருங்கி விரிசல் விட்டிருந்தது. மூலையிலிருந்து இறங்கி, நடுவில் கிளை பிரிந்து, அதே கோடு. கண்மாய் மண் இங்கே கிடக்கிறதென்றால் இங்கே கண்மாய் இருந்திருக்கிறது. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண்ணின் மேல் எங்கள் கடைக்கால் நிற்கிறது. தினமும் மண்ணில் கை வைக்கிறவளுக்கு இது உறைக்கவில்லையே! அந்தச் சுவரை ஒட்டித்தான் என் மகளின் கட்டில்.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். "என்னம்மா, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கத்தினாள். வாசலைத் தாண்டும் வரை நான் கையை விடவில்லை.

சாயங்காலம் என்ஜினீயர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இது எப்ப ஆரம்பிச்சது? எம்புட்டு வளந்திருக்கு?" என்றார். வீட்டுக்காரர் அவரைக் கூடத்து அலமாரிக்கு முன்னால் நிறுத்தினார். செய்த வரிசையிலேயே இருந்தன ஜாடிகள். முதலாவதில் மயிரிழை, கடைசியில் விரல் நுழைகிற பள்ளம். என்ஜினீயர் கடைசி வரை நடந்துவிட்டு, திரும்பி முதல் ஜாடிக்கே வந்தார்.

"இதச் செஞ்ச அன்னைக்கே என்னயக் கூப்பிட்டிருக்கலாம்ல மேடம்" என்றார்.