நடந்து போன மேஜை

என்னைத் தெரியாதவர்கள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, பழக்கூடை தூக்கியே இவ்வளவு பெரிய குளிர்கிடங்கைக் கட்டினவன். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையாகவே இருந்தாலும் உண்மைதானே. ஆனால் அந்தக் கிடங்கின் மூளை என் தங்கை. அவளைப் படிக்க வைத்தவன் நான் என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறேன்.

படித்து முடித்த கையோடு, கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எங்களுக்கு ஒரு புரோகிராம் எழுதினாள். எந்த அறையில் என்ன பழம், யாருடைய சரக்கு, எல்லாம் அதற்கு அத்துப்படி. நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: என் மேஜைத் திரையில் பொத்தானை அழுத்தினால்தான் சரக்கு வெளியே போக வேண்டும். யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை நான்.

"சரிண்ணே. உங்க மேஜை சொன்னாத்தான் கேக்கும்" என்று அப்படியே எழுதிவிட்டாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தாள், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். எல்லாவற்றுக்கும் நடுவில் கிடங்கின் பின்னறையில் கிறீச்சிடும் நாற்காலியும் பச்சை எழுத்துத் திரையுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் போகவில்லை. "இத விட்டுட்டுப் போனா யாருண்ணே பாத்துப்பா?" என்பாள், கைக்குழந்தையைச் சொல்வது போல.

இந்த வருடம் சீசன் தொடங்கும்போது படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டேன். வீட்டில் படுக்கை. என் அறைச் சாவி தலையணைக்கு அடியில். யார் கேட்டும் கொடுக்கவில்லை. கிடங்கு வாசலில் லாரிகள் வரிசை கட்டின.

மகன் கத்தினான். "அப்பா, அந்தப் பழசைத் தூக்கிக் கடாசுங்க. போன்லயே பாக்கற மாதிரி புதுசு வாங்கலாம். வெள்ளிக்கிழமை ஆள் வர்றாங்க."

தங்கை முகம் செத்துவிட்டது. "போன்ல தெரியணும், அவ்வளவுதானடா? வெள்ளிக்கிழமை வரைக்கும் விடு."

"அத்தை, போன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது."

"தெரியவே வேண்டாம்டா."

தெரியாமல் எப்படி? எனக்கு மண்டை குடைந்தது. அடுத்த நாள் லேப்டாப்போடு வந்தவளைக் கட்டிலருகே உட்கார வைத்துத் துருவினேன்.

"அதுக்குத் தெரிஞ்சது திரையில எழுதறது, திரையிலருந்து படிக்கறது. இப்ப நடுவுல ஒரு தரகனை உக்கார வச்சிருக்கேன். அது திரைக்குன்னு நெனச்சு எழுதும். இவன் வாங்கி போனுக்குப் போடுவான். போன்ல நீங்க அமுக்கறதைத் திரையில அமுக்கின மாதிரி அதுகிட்டச் சொல்லுவான்."

"புரோகிராமை மாத்தலையா?"

"உள்ள கணக்கு எதையும் தொடலண்ணே. வாசல்தான் புதுசு."

தரகர் என்றால் எனக்குத் தெரியாதா? சந்தையில் பாதி வாழ்க்கை அவர்களோடுதான். "எந்த மேஜைன்னு அது கேக்குமே?"

"கேக்கும். 'முதலாளி மேஜை'ன்னு தரகன் சொல்லுவான்."

வியாழக்கிழமை படுத்தபடியே போனில் அழுத்தினேன். கிடங்கில் நின்றிருந்த தங்கையின் போன் வழியாக லாரி உறுமுவது கேட்டது. எனக்கு ஒரே குஷி. கையில் கிடைத்ததையெல்லாம் அனுப்பினேன். பிறகு வலி மாத்திரை வேலையைக் காட்டிவிட்டது.

விழித்துப் பார்த்தால் போனில் வரிசையாக அனுமதிகள். கொடுத்தது: முதலாளி மேஜை. நான் கொடுக்கவே இல்லை!

தங்கையைப் போனில் கூப்பிட்டுக் குதித்தேன். "என் மேஜையில எவன் உக்காந்தான்?"

"யாரும் உக்காரலண்ணே. மேஜைதான் நடந்து போச்சு. நீங்க தூங்கிட்டீங்க, பழம் தூங்குமா? நம்ம கிடங்கு மேற்பார்வையாளர் போனுக்கும் உங்க மேஜைப் பேரைக் குடுத்தேன்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா குடுப்பீங்களா? சாவியையே குடுக்கல." லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்டது. "வேண்டாம்னா சொல்லுங்க. நாளைக்கு வர்றவங்ககிட்டயே விட்டுடலாம்."

கோபம் மூக்கு வரை வந்தது. ஆனால் அதைவிட ஆவல் பெரிதாக இருந்தது. அந்த மேற்பார்வையாளன் என்னதான் செய்திருக்கிறான்? ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் கனிந்தது முதலில் போயிருந்தது. அழுகல் கலந்த ஒரு லோடை நிறுத்தியிருந்தான். நானே உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என்னிடம் தொழில் கற்றவன் அல்லவா!

போனை வைக்காமலே அடுத்த அறையிலிருந்த மகனைக் கூப்பிட்டேன். "நாளைக்கு யாரும் வர வேண்டாம்னு சொல்லுடா. உங்க அத்தை இருக்கா."

போனின் அந்தப் பக்கம் தங்கை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சாவியையும் குடுத்துடுங்கண்ணே, அறையைப் பெருக்கணும்."

கால் சரியாகி இப்போது அலுவலகம் வருகிறேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே பச்சைத் திரையில் முதலாளி மேஜை அனுமதி மேல் அனுமதியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த வயதில் நான் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறேன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன்.