அறுப்பு வரைக்கும்

தஞ்சாவூரில் நான் திசுப் பரிசோதனை டாக்டராக இருந்தபோது நோயாளிகள் என் அறைக்கு வருவதில்லை; அவர்களிடமிருந்து வெட்டிய துண்டுதான் வரும். திருவாரூர்ப் பக்கத்துக் குத்தகைக்காரர் ஒருவர் மட்டும் தொடைக் கட்டியோடு நேரே வந்து நின்றார்.

"அறுப்பு வரைக்கும் தாங்குமா டாக்டரம்மா? அதை மட்டும் சொல்லுங்க."

அவருடையது எழுத்தில்லாத வாய்க்குத்தகை. குத்தகைக்காரரைக் காக்கச் சட்டம் இருந்தது, மேடைக்கு மேடை பேசவும் செய்தார்கள். அவர் பெயர்தான் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. ஏட்டுச் சுரைக்காய். சம்பா விளைந்து நிற்கையில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், நிலக்காரர் ஆளை இறக்கி அறுத்துவிட்டுச் சொந்தச் சாகுபடி என்பார். பிறகு அவர் வயலில் கால் வைக்க முடியாது.

அவர் கேள்விக்கு ஒரு சோதனை இருந்தது. பெருகும் செல்லில் மட்டும் இருக்கும் புரதம், கேஐ-67. அது இருந்தால் நாங்கள் போடும் சாயம் பிடித்துப் பழுப்பாகும்; பழுப்பு கூடினால் வேகமும் கூட. டெஸ்மின் என்ற இன்னொரு புரதம், செல் தசை வகையறாவா என்று காட்டும்.

துண்டைச் சீவி ஒட்டிய முதல் கண்ணாடிகளில் பழுப்பே இல்லை.

"நல்ல சேதி மேடம், காத்திருக்கலாம்" என்றார் உடனிருந்த டாக்டர்.

எனக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. ஆனால் கட்டியை ஒட்டியிருந்த, பழுப்பாகியே தீர வேண்டிய நல்ல தசைகூட டெஸ்மினுக்கு வெளுத்துக் கிடந்தது. அப்படியானால் சோதனையே பிடிக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் கேட்டு நடந்த மறியலில், திருவாரூரில் வெட்டி அனுப்பிய துண்டு வழியிலேயே தங்கி, கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலினில் நாள்கணக்கில் ஊறியிருந்தது. அளவுக்கு மேல் ஊறினால் புரதம் இறுகிவிடும், சாயம் பிடிக்காது.

மறுநாள் இறுக்கம் இளகக் கண்ணாடிகளைக் குக்கரில் கூடுதலாக வேகவைத்துச் சாயம் போட்டோம். என் வீட்டுக் குக்கர்தான். அது போனதிலிருந்து வீட்டில் வடித்த சோறு. இந்த முறை நல்ல தசை பழுப்பேறியது. கட்டியும் தசை வகையறாதான். கேஐ-67 கண்ணாடி முழுக்கப் பழுப்பு. முதல் நாளோடு விட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"தாங்காதுங்க. இப்பவே காலை எடுக்கணும். எடுத்தா உசிரு நிக்கும்."

"நான் போய் நின்னாத்தான் வயலு நிக்கும்மா."

போய்விட்டார். அவர்மேல், நிலக்காரர்மேல், சட்டத்தின்மேல் கோபப்பட்டேன். பிறகு அதற்கும் தெம்பில்லை.

பொங்கல் கழித்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டி வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. அடிக்கு அடி இருமினார். நுரையீரலுக்குப் போய்விட்டது என்று சொல்ல எனக்குச் சாயம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அறுத்து வீட்டுக்குக் கொண்டாந்தாச்சும்மா. ஒருத்தன் இறங்கல" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "இப்ப எடுத்துடுங்க."

"உட்காருங்க" என்றேன்.