கொம்புச்சாவில் உப்பு

அம்பத்தூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து, இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். கணவர் பிரஷர் மெஷினை முறைத்துக்கொண்டிருந்தார். பிரஷர் நேற்றைவிட அதிகம்.

"மாத்திரை போட்டீங்களா?"

"அதான் கொம்புச்சா குடிக்கிறேனே. பிரஷருக்கு அதுவே போதும்னு வீடியோல சொன்னாங்க."

புளிக்கவைத்த டீ. அடுப்படி ஜாடியில் அவரே போடுகிறார். தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது.

"என்னங்க இது?"

"புளிப்பு தாங்கல. மோருக்குப் போடுற மாதிரி உப்பும் பெருங்காயமும் போட்டேன்."

டாக்டர் முதலில் குறைக்கச் சொன்னதே உப்பைத்தான்.

மாத்திரையை அவர் கையில் வைத்தேன்.

"கொம்புச்சாலயே முழுங்கிடட்டுமா?"

நான் சொன்னாலும் கேட்கமாட்டார், போனில் வந்தால்தான் நம்புவார். தயவுசெய்து இந்தப் பதிவின் கமெண்டில் நீங்களே திட்டுங்கள். படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.