எங்கள் தெருவுக்கு நான் வைத்த பெயர்கள்

எங்கள் தெருவுக்கு நான் ஐந்து பெயர் வைத்திருக்கிறேன். வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, வைக்காதே என்று யாரும் தடுக்கவும் இல்லை. கூடுவாஞ்சேரிக்கும் மறைமலைநகருக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஒற்றைத் தெரு அது. இரண்டு பக்கமும் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அறுப்பு அறுத்துப் பிழைத்த குடும்பங்களுக்காகக் கட்டியவை. ஊரார் அதைக் காலனி என்பார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிவந்தோம்.

தெருவில் முதன்முதலாகப் பிளஸ் டூ முடித்தவள் நான். அந்தப் பெருமைக்குக் கிடைத்த உத்தியோகம், எல்லார் வீட்டு விண்ணப்பத்தையும் எழுதித் தருவது. ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் இணைப்பு என்று சாயங்காலமானால் யாராவது காகிதத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். தெருப் பெயர் எழுதும் கட்டம் வந்ததும் என் பேனா நின்றுவிடும். காலனி என்று எழுதினால் படிப்பவர் முகம் எப்படி மாறும் என்று பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருக்கிறேன். "தெரு பேரு இன்னா போடறது?" என்று கேட்பேன். "நீயே நல்லதா பாத்துப் போடு" என்பார்கள். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? அன்றைய மனநிலையைப் பொறுத்து மல்லிகைத் தெரு, ஏரிக்கரைத் தெரு, அன்னை தெரு, கிழக்குத் தெரு, புங்கமரத் தெரு என்று போட்டுத் தள்ளினேன். புங்கமரத் தெருதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தெருவில் ஒரு புங்கமரம்கூடக் கிடையாது.

மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அலுவலக வேலை கிடைத்தபோதும் அந்தப் பெயரைத்தான் எழுதினேன். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்கும். நான் மட்டும் ஒரு ஸ்டாப் முன்னால், புது அடுக்குமாடி வீடுகளின் வாசலில் இறங்கிக்கொள்வேன். பஸ் கண்ணுக்கு மறைந்தபிறகுதான் நடக்கத் தொடங்குவேன். வெயிலோ மழையோ, பல வருடங்கள் இப்படித்தான். பஸ் அங்கேதான் நிற்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். கூரை எங்கள் தலைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது. காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். அம்மா தன் பழைய நூல்சேலை ஒன்றை எடுத்து, நான்கு மூலையிலும் ஆணியடித்து, படுக்கும் இடத்துக்கு மேலே கட்டிவைத்தாள். உதிர்வதெல்லாம் அதில் விழும். வாரம் ஒருமுறை அவிழ்த்து உதறிவிட்டு மறுபடி கட்டுவாள். ஒருநாள், இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்த காலையில், சேலையையே கிழித்துக்கொண்டு ஒரு பெரிய பாளம் அவள் தலையணைமேல் விழுந்தது. நல்லவேளை, அம்மா அப்போது குழாயடியில் இருந்தாள். அன்றிலிருந்து எனக்கு மழை என்றாலே பயம்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி மன்றத்தில் பழைய தொகுப்பு வீடுகளைப் பழுதுபார்ப்பது என்று தீர்மானம் போட்டார்கள். பட்டியலைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டினார்கள். தெருவே ஓடிப்போய்ப் பார்த்தது. எங்கள் தெருவுக்கு நேராக நான்கே நான்கு வீடுகள் இருந்தன. என்னிடம் ஒருபோதும் விண்ணப்பம் எழுத வராத நான்கு வீடுகள். மற்றவர்களின் காகிதமெல்லாம் ஊரில் இல்லாத தெருக்களில் குடியிருந்ததால் தள்ளுபடியாகிவிட்டன. எங்கள் வீடும் அதில் ஒன்று.

"ஆபீஸ்ல இன்னா கண்ணு தெரியாமயா எழுதினாங்கோ?" என்று எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்தான். ஆனால் அம்மாவின் தலையணை கண்முன்னால் வந்தது. "ஆபீஸ்ல தப்பு இல்ல. நான்தான் தெரு பேரை மாத்தி மாத்தி எழுதினேன்" என்று சொல்லிவிட்டேன்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஆனால் எங்கள் வார்டு கவுன்சிலர் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கவுன்சிலரானபின்னும் காலையில் இட்லிக்கடை போடுகிறவர். "நீ மட்டுமா எழுதின? நாங்க ஒண்ணும் வேணாம்னு சொல்லலியே. எங்களுக்கும் காலனின்ற பேரு கசந்துதானே கீது" என்றார். பிறகு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, "அடுத்த மன்றக் கூட்டத்துக்குள்ள ஆதாரம் குடுத்தா சேத்துக்குவாங்க. வா, வழி பாப்போம்" என்றார். அந்த "வா" என்ற ஒரு சொல்லுக்காகவே அவருக்கு நான் ஆயுளுக்கும் நன்றி சொல்வேன்.

வழி காட்டியவர் நகராட்சியில் வீட்டுவரி வசூலிப்பவர். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் என்று பஸ் மாறி மாறி வேலைக்கு வருகிறவர். தன் விடுமுறை நாளில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்காக அத்தனை தூரம் வந்தார். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, புருசன் மல்லிகைத் தெரு, பொஞ்சாதி ஏரிக்கரைத் தெரு! வேல முடிஞ்சு இவுரு எந்தத் தெருவுக்குப் போவாரு?" என்று கேட்டார். தெருவே சிரித்தது, என்னைத் தவிர. பிறகு எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் செருகியிருந்த கரண்ட் அட்டையை எடுத்துக் காட்டினார். "நீ தெரு பேர எவ்ளோ வேணா மாத்து. இந்த நம்பரு வூட்ட வுட்டு எங்கியும் போவாது."

அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டு அட்டையிலும் இருந்த இணைப்பு எண்ணை அவர் சொல்லச் சொல்ல, நான் குடும்பத்தின் பெயரை எழுதினேன். பொய்யாக எழுதிய அதே கையால் ஒவ்வொரு வீட்டையும் அதன் இடத்துக்கு மறுபடி கொண்டுவந்து சேர்த்தேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மிச்சமிருந்தது தெருவுக்கு ஒரு பெயர். காலனி என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று மேலிருந்தும் கடிதம் வந்திருந்தது. தெரு கூடியது. ஆளுக்கொரு தலைவர் பெயரைச் சொல்லி, குரல் ஏறிக்கொண்டே போனது. அதுவரை பேசாமல் இருந்த அம்மா எழுந்தாள். "என் பொண்ணு எழுதின பேர்லயே ஒண்ண வைங்க. நெறைய கார்டுல புங்கமரத் தெருன்னுதான் கீது. அதையே வெச்சா அவங்களாவது திரும்ப அலைய வாணாம்." கவுன்சிலர் அக்கா அதை அங்கேயே எழுதச் சொல்லி என்னிடம் பேனாவை நீட்டினார்.

மன்றக் கூட்டத்தன்று நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வாசலோரம் நின்றேன். கவுன்சிலர் அக்கா எழுந்து இரண்டு தீர்மானத்தையும் தட்டுத்தடுமாறிப் படித்தார். தெருவுக்குப் பெயர் வைப்பது ஒன்று, விடுபட்ட வீடுகளைச் சேர்ப்பது இன்னொன்று. ஆட்சேபணை உண்டா என்று மன்றத் தலைவர் கேட்டார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அவ்வளவுதான், அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். அது சாக்கடை அடைப்பு பற்றியது.

மழைக்கு முன்பே கொத்தனார்கள் வந்தார்கள். துருவைச் சுரண்டி, கம்பி மாற்றி, புதிதாகப் பூசினார்கள். அம்மா சேலையை அவிழ்த்துத் துவைத்து, கிழிசலைத் தைத்து மடித்துவைத்தாள். கவுன்சிலர் அக்கா எங்கிருந்தோ ஒரு புங்கங்கன்றைக் கொண்டுவந்து தெருமுனையில் நட்டார். பேர் வைத்தபிறகு மரம் வருவது எங்கள் தெருவில் மட்டும்தான் நடக்கும்.

முதல் மழை ஒரு சாயங்காலம் வந்தது. பஸ் அடுக்குமாடி வாசலில் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரி ஆச்சரியமாகப் பார்த்தாள். அடுத்த ஸ்டாப்பில், புதுப் பெயர்ப் பலகைக்குக் கீழே இறங்கினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா வெறும் கூரைக்குக் கீழே நிம்மதியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூட உள்ளே இல்லை. ஓரம் மட்டும் நனைந்த என் துப்பட்டாவைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ரொம்ப நனையாம வந்துட்ட. வண்டி இப்போ முனையிலயே நிக்குதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எப்பவுமே அங்கதாம்மா நிக்கும்" என்றேன்.

அம்மா முறத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

"தெரியும். வந்து உக்காரு."