மெஷின் படிக்காத அட்டை

சத்தியம் செய்து சரக்கு விற்பவனிடம் வாங்காதே என்பார், ஜவுளி வியாபாரியான என் அப்பா. அதனால் சத்தியம் செய்யமாட்டேன். நடந்ததை அப்படியே கடைபரப்புகிறேன். படிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: எனக்கு வந்தது பட்டப்பகல் 2.10-க்கு.

அப்போது ஒரு பெரிய மருத்துவமனையின் கணிப்பொறி அறையில் எனக்கு வேலை. ஃபார்ட்ரான் மொழியில் கணக்கு எழுதுவேன். ஒவ்வொரு வரியையும் ஓட்டைகளாக ஓர் அட்டையில் அடித்து மெஷினுக்குக் கொடுப்போம். புற்றுநோயாளிக்கு எத்தனை நிமிடம் கதிர் வைக்கலாம் என்று அது அச்சடித்துச் சொல்லும். அன்றைய நோயாளி என் தங்கை. ஓயாத வாய் என்பதால் வீட்டில் அவளுக்கு மைனா என்று பெயர். கழுத்தில் கட்டி வந்தபின் குரலே போய்விட்டது.

மூன்று மணிக்குக் கதிர் இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கழற்றுகிறார்கள். மறுபடி ஓட ஆறு வாரம். "அதுவரைக்கும் அவ தாங்க மாட்டா தம்பி" என்றிருந்தார் டாக்டர்.

அவர் புதிதாக ஒரு திருத்த எண் தந்திருந்தார். 1.9. கடைசியில் வரும் நேரத்தை அதால் வகுக்க வேண்டும். ஃபார்ட்ரானில் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும். ராசியாக இருக்கட்டும் என்று ஆங்கில எழுத்தில் மைனா என்றே வைத்தேன்.

அட்டை அடித்துத் தரும் பஞ்ச் அக்கா சிரித்தார். "மெஷினுக்குள்ள மைனாவ விட்டுட்டியா? இனி அது எதிர்த்துப் பேசும் பாரு."

2.10. அச்சுத்தாள் வந்தது; நான் எழுதிய வரிகளும் அதில் அச்சாகியிருக்கும். விடை: 7 நிமிடம் 36 விநாடி. பார்வைக்கு நியாயமான எண்தான். ஆனால் மைனா என்ற வரிக்குக் கீழே, நான் எழுதாத வரி ஒன்று. ஆங்கிலத்தில் இருந்தது. பொருள் இதுதான்:

சி – பெயரை மாற்று.

முதல் கட்டத்தில் 'சி' இருந்தால் அந்த அட்டையை மெஷின் கணக்கில் சேர்க்காது. மனிதர் மனிதருக்கு எழுதும் குறிப்பு அது. அட்டைக் கட்டைப் பிரித்து எண்ணினேன். 214 அட்டை. மெஷின் படித்ததாகச் சொன்னது... 215.

"அக்கா, விளையாடறீங்களா?"

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல. உன் கட்டை அடிச்சே விரல் வீங்கிக் கெடக்கு."

மறுபடி ஓட்டினேன். 2.24.

சி – பெயரை மாற்று.

சி – அவளைக் கொல்லாதே.

அக்கா எழுந்து வந்து படித்தார். சிரிப்பு போய்விட்டது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை.

2.31. தொலைபேசி. "தம்பி, தங்கச்சியப் படுக்க வெச்சாச்சு. நேரத்தச் சொல்லு."

ஏழு நிமிடம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

டக்.

மூலையில் அட்டை அடிக்கும் மெஷின். நாற்காலியில் யாருமில்லை.

டக்... டக்...

ஓர் அட்டை வந்து விழுந்தது. அதில் ஒரே எழுத்து.

எம்.

ஃபார்ட்ரானில் ஆங்கில 'ஐ' முதல் 'என்' வரை ஆறு எழுத்துகள். அவற்றில் தொடங்கும் பெயருக்கு முழு எண்தான் நிற்கும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மெஷின் சத்தமில்லாமல் வெட்டிவிடும். மைனா எம்-இல் தொடங்குகிறாள். என் 1.9 வெறும் 1 ஆகியிருந்தது. தங்கைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கதிர்.

"தம்பி, இருக்கியா?"

"பத்து நிமிஷம் குடுங்க டாக்டர்."

"இதென்ன சந்தைக்கடையா? எட்டு."

"பன்னெண்டு. உங்க கால்ல விழறேன்."

வாழ்நாளில் ஏற்றிக் கேட்டு நான் ஜெயித்த ஒரே பேரம். கேட்டபோது அழுதுகொண்டிருந்தேன்.

அக்கா அந்த மூலைக்கு வர மறுத்தார். நானே போய் உட்கார்ந்தேன். அவர் எழுந்து வந்து ஏழு நிமிடமாவது ஆகியிருக்கும்.

நாற்காலி சுட்டது.

பெயரை மாற்றினேன். அடித்தேன். ஓட்டினேன்.

2.43.

அட்டை 214.

4 நிமிடம்.

மைனா பிழைத்தாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உனக்கு முன்னாடி இந்த வேலையில ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு அவங்களே கணக்குப் போட்டாங்க. அவர் பேரையே வெச்சாங்க. கே-ல ஆரம்பிக்கிற பேரு. அவர் போயிட்டார். ஒரு மாசத்துல அந்தம்மாவும்."

"அப்போ வந்தது அவங்கதானா?"

"அதான் எனக்குப் புரியல. அன்னிக்கு அவங்க தாள்லயும் இதே மாதிரி ரெண்டு வரி வந்திருக்கு. மெஷின் கோளாறுன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்னு எங்கிட்ட அழுதாங்க."

"அவங்களுக்கு முன்னாடி யாரு இருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருமில்ல தம்பி. அவங்க சேர்ந்த அன்னிக்குத்தான் மெஷினே வந்துச்சு."